ஒரு விநாடிக் காற்று

டெக்சஸில் ஒரு நுரையீரல் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வருபவர்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர். அமெரிக்க அரசிடம் இயலாமை இழப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்கள். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயைக் கவ்வச் சொல்லி, "ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று தொண்டை வற்றக் கத்துவேன்.

முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கியக் கணக்கு. சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைப்பு நாள்பட நீடிக்கும் நுரையீரல் நோய் உள்ளவருக்கு அது இருக்கவேண்டிய அளவில் 56 முதல் 70 சதவீதம் என்றால் 30 சதவீத இயலாமை. 40 முதல் 55 என்றால் 60. வேறு அளவுகளும் பார்ப்பார்கள். ஆனாலும் 56 ஒன்று குறைந்து 55 ஆனால் மாதப் பணம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். அதுவும் பெரும்பாலும் இன்ஹேலர் இழுத்த பிறகு ஊதிய எண்ணைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

அதனால் வேண்டுமென்றே மெதுவாக ஊதுபவர்களும் உண்டு. மறைக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் கோடு வேறு வேறாக விழும். சிறந்த இரண்டு முயற்சிகளுக்கு நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப ஊதச் சொல்வோம். ஆனால் நான் அதிகம் பார்ப்பது நேர்மாறான ஆட்களை. முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்ட ஊதிவிட்டு, "சரியாச் செஞ்சேனா?" என்று கேட்பார்கள்.

ஈராக்கின் பலாட் போன்ற அமெரிக்க ராணுவத் தளங்களில் டயர், பிளாஸ்டிக், மருத்துவக் கழிவு எல்லாவற்றையும் விமான எரிபொருள் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தப் புகைதான் காரணம் என்று நிரூபிக்கும் சுமை முன்பெல்லாம் வீரர் தலையில். 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம் அதை இறக்கி வைத்தது. பட்டியலில் உள்ள நோய் வந்து, அங்கே பணியாற்றியதும் உறுதியானால் போதும். பெரிய விஷயம்தான். ஆனால் பாதிப்பு எவ்வளவு என்பதை இன்னமும் என் மெஷின்தான் சொல்கிறது.

அது எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. 2003-இல் மோசுல் அருகே மிஷ்ராக் கந்தக ஆலை எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் உட்பட, மூச்சுத் திணறலோடு ஊர் திரும்பிய வீரர்கள் 49 பேரின் நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள். 38 பேருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தன. அவர்களில் பலர் ஊதிய அளவில் குறையே இல்லை.

அப்படி ஒருவர் என் முன்னாலும் உட்கார்ந்தார். திரையில் எல்லாம் நார்மல். "அப்ப மாடி ஏறினா ஏன் இளைக்குது?" என்றார். விளக்கம் சொல்வது டாக்டர் வேலை. ரிப்போர்ட்டில் குறிப்புக்கென்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கிறது. ஒத்துழைப்பு நன்று, வாசலிலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது, இடையில் உட்கார வேண்டியிருந்தது என்று அதில் எழுதி அனுப்பினேன்.