எல்லோரையும் ‘மந்திரவாதி’ ஆக்கிவிடாதீர்கள்

ஆங்கில மாயாஜாலக் கதைகளை மொழிபெயர்க்கும்போது விசார்ட், சார்சரர், வார்லாக், மேஜ் என எது வந்தாலும் தமிழில் ‘மந்திரவாதி’ என்று எழுதிவிடுகிறோம். ஒரு சார்சரர் ஒரு விசார்டைக் கேலி செய்யும் இடம் வந்தால் மாட்டிக்கொள்வோம்: ‘மந்திரவாதி மந்திரவாதியைக் கேலி செய்தான்.’ யார், யாரை?

அதிகம் அடிபடுவது வார்லாக். மந்திரம் செய்யும் பெண்ணான விட்சுக்கு ஆண்பால் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்து வழக்கில் அந்தப் பொருள் உண்டு. ஆனால் பழைய ஆங்கிலத்தில் ‘வேர்லோகா’ என்றால் கொடுத்த வாக்கை மீறியவன், துரோகி. சாத்தானையும் அப்படி அழைத்தார்கள். மந்திரம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டதுதான். விட்சுக்கோ அப்போதே தனி ஆண்பால் இருந்தது: பெண் ‘விச்செ’, ஆண் ‘விச்சா’. ஈற்றொலி தேய்ந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன.

விசார்ட், ‘வைஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. 15ஆம் நூற்றாண்டில் அறிவாளி என்றுதான் பொருள். மந்திரப் பொருள் அடுத்த நூற்றாண்டில் வலுத்தது. கையில் ஏடும் தலையில் நரையுமாக இவரை வரைவது அதனால் பொருந்துகிறது. சார்சரரின் வேர் லத்தீன் ‘சோர்ஸ்’, அதாவது சீட்டு. சீட்டுப் போட்டு விதி பார்த்தவர் அவர்.

ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு 1974இல் வந்தபோது இவர்களுக்கெல்லாம் ‘மேஜிக் யூசர்’ என்று ஒரே பாத்திர வகைதான். இப்போது விசார்ட் படித்துக் கற்றவர், சார்சரருக்குப் பிறவியிலேயே சக்தி, வார்லாக் வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் போட்டவர். அருமையான பிரிவினை, ஆனால் இது விளையாட்டின் விதி, அகராதியின் விதி அல்ல. பழைய நாவலில் சார்சரரும் புத்தகம் புரட்டுவார். அங்கே ‘பிறவி மந்திரவாதி’ என்று எழுதினால் பிழை.

நெக்ரோமேன்சர் விஷயத்திலும் காலம் பார்க்க வேண்டும். இன்றைய விளையாட்டுகளில் பிணத்தை எழுப்பிச் சண்டைக்கு அனுப்புபவர். கிரேக்க மூலத்தின்படி இறந்தவரிடம் குறி கேட்பவர். மெஜீஷியன் இன்றைய கதையில் வந்தால் பெரும்பாலும் மேடை வித்தைக்காரர்.

கற்றவருக்கு ‘மந்திரவாதி’, பிறவிச் சக்திக்கு ‘மாயாவி’ என்று பிரித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும். வார்லாக்கை அப்படியே விட்டு, முதல் முறை வரும் இடத்தில் ‘ஒப்பந்தக்காரன்’ என்று கோடிகாட்டலாம். விட்சுக்கு ‘சூனியக்காரி’ சரிதான், அவள் கெட்டவளாக இருந்தால். சூனியம் என்றாலே தமிழில் தீங்கு. நல்லவள் என்றால் ‘மந்திரக்காரி’ என்றே எழுதுங்கள்.