மேசை டிஷ்வாஷர்: ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 26, ஞாயிறு

துய்மா தெருவிலிருந்து மெஷின் வந்துவிட்டது. ஆட்டோ பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நானும் வந்தேன். பின்பக்கத் தகட்டில் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இன்னும் தெளிவாக இருக்கிறது. பிரெஞ்சு சாமான்கள் இந்தப் புதுச்சேரியில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே ஓடுவதற்கு அதுதான் காரணம். அமெரிக்க மெஷினாக இருந்தால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், டைமர் மோட்டார்கூட மெதுவாகத்தான் சுற்றும்.

பிளக்கைப் பார்த்ததும்தான் பகீரென்றது. எர்த்துக்கு அதில் முள் கிடையாது, ஓட்டை மட்டும்தான். பிரான்ஸில் அந்த முள் சாக்கெட்டிலேயே நீட்டிக்கொண்டு இருக்கும். நம்ம சாக்கெட்டில் செருகினால் மெஷின் ஓடும், எர்த் மட்டும் கிடைக்காது. அடியில் தண்ணீர் கசிகிற மெஷின், உள்ளே ஹீட்டர் வேறு. ராத்திரியே 16 ஆம்பியர் மூணு பின் டாப் மாட்டிவிட்டேன். பழைய பிளக்கைத் தூக்கிப் போட மனசில்லை, டப்பாவில் போட்டு மேலே எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 27

வீட்டுக்காரர் போன் செய்தார். எப்போது காலி செய்கிறாய் என்றுதான் கேட்பார். எடுக்கவில்லை.

அக்டோபர் 29

அக்கா மஞ்சக்குப்பத்திலிருந்து பேசினாள். இந்த வீட்டைக் காலி செய்ததும் அவள் வீட்டு மாடிக்குத்தான் போகிறேன். "மத்ததெல்லாம் கொண்டு வா, கசியிற மெஷின மட்டும் மாடிக்கு ஏத்தாதடா, கீழ பூஜை ரூம் இருக்கு" என்றாள். சரிக்கா என்றேன். வேறு என்ன சொல்ல?

சாயங்காலம் சோதனை. அடித்தகட்டைக் கழற்றி, கீழே வெள்ளைத் தாளை விரித்து, தொட்டித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றினேன். மோட்டாரைப் போடாமல் ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன். தாள் காய்ந்தே இருந்தது. அப்படியென்றால் தொட்டியில் ஓட்டை இல்லை, ஹோஸ் இணைப்புகளும் சரி. அப்புறம் மோட்டாரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இடது மூலையில் ஒரு நீலப் பொட்டு. அப்புறம் அதன் மேலேயே இன்னொன்று. ஷாஃப்ட் சுற்றும்போது மட்டும் கசிகிறது என்றால் அது பம்ப் சீலாகத்தான் இருக்க வேண்டும், ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் வெளியே வராமல் அடைக்கிற பாகம்.

கதவு ரப்பரும் கீழ் ஓரத்தில் கட்டை மாதிரி இறுகிக் கிடக்கிறது. அது அடுத்த கவலை.

அக்டோபர் 30

மழை. கரண்ட் இல்லை. அந்த நீலப் பொட்டு நினைப்பாகவே இருக்கிறது.

நவம்பர் 1

புதுச்சேரி விடுதலை நாள். 1954-ல் நிர்வாகம் கைமாறிய நாள், லேத் பட்டறைக்கும் லீவு. வீட்டிலேயே பம்பைப் பிரித்தேன். சீல் என்பது இரண்டு வளையம்தான்: ஒன்று கார்பன், இன்னொன்று செராமிக். ஸ்பிரிங் ஒன்றை மற்றதோடு அழுத்திப் பிடிக்க, இரண்டுக்கும் நடுவில் படிகிற மெல்லிய நீர்ப்படலத்திலேயே உராயாமல் சுற்ற வேண்டும். செராமிக் பளபளவென்று இருக்கிறது. கார்பன் முகத்தில் நகம் சிக்குகிற அளவுக்கு ஒரு வட்டக் கோடு, அதில் வெள்ளையாக உப்புப் படிவம். ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை அத்தனையும் அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 3

பட்டறை அண்ணன் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது எந்த மோட்டார்ல வருது?"

"பாத்திரம் கழுவுற மெஷின்ணே."

சிரிக்கவில்லை அவர். வெர்னியரை எடுத்து ஷாஃப்டை அளந்தார். "மோனோபிளாக் சீல் ஒண்ணு உக்காரும், ஆனா ஹவுசிங்க கொஞ்சம் கடையணும்" என்றார். சீல் உட்காருகிற குழியைத்தான் சொல்கிறார். கடைய விட மனசு வரவில்லை. ஹவுசிங்கைக் கடைந்துவிட்டால் அப்புறம் பழைய சீல் அதில் ஒருநாளும் உட்காராது. எதைச் செய்தாலும் பழையபடி திருப்பிக் கொண்டுவர முடிய வேண்டும், இதில் நான் பிடிவாதமாகத்தான் இருக்கிறேன். அதே சமயம், ஓடாத மெஷினைத் துடைத்து அலமாரியில் வைப்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. 1886-ல் ஜோசஃபின் காக்ரேன் காப்புரிமை வாங்கிய மெஷினின் சூட்சுமமே, பாத்திரத்தைத் தேய்க்காமல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே கழுவுவதுதான். பம்ப் ஓடாவிட்டால் இது வெறும் தகரப் பெட்டி.

நவம்பர் 4

எடுத்துவிட்டேன் வீட்டுக்காரர் போனை. இந்த மாதம் 15-ல் காலி செய்ய வேண்டும்.

நவம்பர் 6

கார்பனைத் தேய்க்கிறேன். ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் 1200 எமரி தாள், அதன் மேல் தண்ணீர், எட்டு போட்டது போல விரலைச் சுழற்ற வேண்டும். விரல் நுனியெல்லாம் கறுப்பு. அழுத்தவே கூடாது, அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்து தேயும். அப்புறம் 2000. கோடு மங்குகிறது, மங்குகிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்னும் அங்கேயே இருக்கிறது.

நவம்பர் 7

கோடு போய்விட்டது!!

நவம்பர் 9

மாட்டியாயிற்று. குளிர்ந்த தண்ணீரில் தாள் காய்ந்தே இருந்தது. ஹீட்டரையும் சேர்த்து ஓட்டினேன், சூடேறியதும் இடது மூலையில் ஈரம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேய்த்ததெல்லாம் வீணா?

ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச்சோடு படுத்துப் பார்த்தால் பம்ப் சொட்டவே இல்லை. கதவின் கீழ் ஓரத்தில் நீராவி குளிர்ந்து, தகட்டு மடிப்பு வழியாக அந்த மூலைக்கே வந்து சேர்கிறது. இரண்டு கசிவுக்கும் ஒரே மூலை.

நவம்பர் 11

புது கதவு ரப்பர் இப்போதைக்குக் கிடைக்காது. பழையதைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன், மேல் பக்கம் இன்னும் மெத்தென்று இருக்கிறது, இறுகின பகுதி தண்ணீர் அதிகம் படாத மேலே போய்விட்டது. சால்ட் டேங்குக்கு மரக்காணத்துக் கல்லுப்பு போடலாம் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். குழம்புக்கு அது அருமை. ஆனால் அதில் கால்சியம், மக்னீசியம் இருக்கும், தண்ணீரிலிருந்து அதைப் பிரிக்கத்தானே உள்ளே ரெசின் மணிகளையே வைத்திருக்கிறார்கள், அந்த மணிகளைப் புதுப்பிக்கத்தான் இந்த உப்பே! சுத்தமான டிஷ்வாஷர் உப்புதான் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 13

முழு சுற்று, சூட்டோடு, எவர்சில்வர் தட்டுகள், டம்ளர்கள், ஒரு குழம்புக் கரண்டி. தாளில் ஒரு சொட்டுகூட இல்லை. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

நவம்பர் 14

"பூஜை ரூமுக்கு நேர் மேல மட்டும் வைக்காத" என்று அனுப்பியிருக்கிறாள். வைக்கவே மாட்டேன்க்கா.

வண்டி காலை ஆறு மணிக்கு. இன்னும் டைமர் குமிழைக் கழற்றித் தனியாகக் கட்ட வேண்டும், தொட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும், பிளக் இருக்கிற டப்பா எங்கே வைத்தேன்