காடியை மூடுவது யார் வேலை?

வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் ஏழெட்டு ஆண்டுகள், சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துக் குழாய் பதித்து, ஒயர் இழுத்து, விளக்கு எரிவதைக் காட்டியதும் என் வேலை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். காடியை மூடுவது கொத்தனார் பாடு என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். நானும் வீட்டுக்காரர்களிடம் அப்படியே சொல்லிவந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது மதுரையில் ஒரு பழைய வீடு. மரச்சட்டத்தின் மேல் ஓடிய ஒயரிங்கை எடுத்துவிட்டுச் சுவருக்குள் பதித்துத் தரும்படி அந்த வீட்டு அம்மா கேட்டிருந்தார். சுண்ணாம்புப் பூச்சு என்பதால், கட்டிங் மெஷினால் இரண்டு கோடு போட்டு உளியை வைத்துத் தட்டியதும், கோட்டுக்குள் இருந்தது மட்டுமின்றி இருபுறமும் கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. வேலையை முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மின்விசிறி மாட்டப் போனபோதும் சுவர் அப்படியே இருந்தது. கூடத்துக் காடியின் மேல் பழைய நாள்காட்டித் தாள்களை ஒட்டியிருந்தார். அவற்றின் ஓரத்திலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புத் தூள் தரையில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. "இத்தனூண்டு வேலைக்குக் கொத்தனார் யாரும் வர மாட்டேங்கிறாங்க தம்பி. வந்தாலும் சித்தாளோட சேர்த்து முழு நாள் கூலி கேக்குறாங்க" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துச் சென்று, அவருக்குச் சித்தாளாக நானே நின்று அந்தக் காடிகளை மூடினேன்.

காடியை நிரப்புவது மின்வேலையின் ஒரு பகுதிதான் என்பது அன்று அவர் பக்கத்தில் நின்றபோது விளங்கியது. ஆணியும் கட்டுக்கம்பியும் குழாயைத் தற்காலிகமாகப் பிடித்திருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கும்போது சுவிட்ச் பெட்டி ஆடாமல் நிற்பது சுற்றிலும் இறுகிய கலவையால்தான். குழாய் எங்கே வளைகிறது, பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் பதித்தவனுக்கே தெரியும். வேறொரு வீட்டில், பின்னால் வந்த கொத்தனார் ஒயர்கள் இணையும் ஜங்ஷன் பெட்டியையும் சேர்த்துப் பூசிவிட, சுவரைத் தட்டித் தட்டி ஓசையை வைத்து அதைத் தேட அரை நாள் ஆயிற்று. மத்தியப் பொதுப்பணித் துறையின் விலை அட்டவணையிலும், சுவருக்குள் பதிக்கும் குழாய்க்கான விலையிலேயே சுவரை வெட்டுவதும் வெட்டிய இடத்தைச் சீர்செய்வதும் அடக்கம்.

மூடப்போவது நானே என்றான பிறகு, வெட்டுவதிலும் கை அடங்கியது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் செங்கல் சுவர்களுக்கான ஐ.எஸ். 1905 என்னும் இந்தியத் தர விதி, செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்கிறது. 9 அங்குலச் சுவரில் கிடைக்காடிக்கு ஒன்றரை அங்குலம்தான் கிடைக்கும், 25 மி.மீ. குழாயை வைத்து மேலே அரை அங்குலக் கலவை பூசினால் அந்த அளவு தீர்ந்துவிடும். ஆகவே இப்போது கூடுமானவரை மேலிருந்து கீழாகவே இறக்குகிறேன்.

மூடும் முறையையும் அந்தக் கொத்தனாரிடமே கற்றேன். பெட்டிக்குள் சிமெண்ட் சாக்குத் துண்டை அடைத்து, தூசியைத் தட்டிவிட்டுக் காடியை நன்றாக நனைக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால், குழாய் போன வழியெல்லாம் மயிரிழை போல விரிசல் ஓடும். அகலமான காடிக்குக் கோழிவலையும் வைக்க வேண்டும். பூசிய பிறகு சில நாட்கள் தண்ணீர் தெளித்து வர வேண்டும்.

பட்டி பார்ப்பதையும் வண்ணம் அடிப்பதையும் நான் ஏற்பதில்லை. பழைய சுவரின் நிறத்தோடு புதிய பூச்சைப் பொருத்துவது பெயிண்டரின் கைத்திறன். அதைச் செய்து தருவதாகச் சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். எது என் வேலை, எது இல்லை என்பதை உளியை எடுப்பதற்கு முன்பே மதிப்பீட்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். காடி மூடும் கூலியைச் சேர்ப்பதால் என் தொகை மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாகத் தெரிந்து, சில வேலைகள் கை நழுவிப் போகின்றன. ஆனாலும் அந்த வரியை நான் அடிப்பதில்லை.