அவனுக்குத் தெரியும், எழுதத்தான் வரவில்லை

ஜூன் 12

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இன்று ஒரு பையனின் அறிவியல் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "பாருங்க மிஸ், ஒரு பக்கம் எழுதச் சொன்னா நாலு வரி. அதையும் படிக்க முடியல." தாவரம் உணவு தயாரிப்பது பற்றிய பாடம். நாலு வரியிலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன. மதியம் அவனை அழைத்து அதே கேள்வியை வாயால் கேட்டேன். சூரிய ஒளி, தண்ணீர், கரியமில வாயு, பச்சையம் என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். சொல்லிவிட்டு, "ராத்திரி வெளிச்சமே இருக்காதே மிஸ், அப்போ செடி என்ன பண்ணும்?" என்று என்னைக் கேட்டான். நோட்டில் அவனுக்குப் பத்துக்கு ஒன்று.

இங்கே பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டேன். இவன் பெரியவன். மூன்றாம் வகுப்பில் கணக்கோடு போராடும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள் சின்னவள்.

ஜூன் 17

பெரியவனுக்குக் கண், காது பரிசோதனை முடிந்தது. இரண்டும் சரி. எப்போதும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பும் எழுத்தும் எளிதில் கைவராத கற்றல் சிக்கல், என்று பெயர் வைத்துவிடக் கூடாது. பள்ளிக்கு ஒழுங்காக வந்திருக்கிறானா என்றும் பார்த்தேன். வந்திருக்கிறான்.

மனநல மருத்துவ உலகம் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 கையேடு 2013-இல் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் வரும் சிக்கல்களை அது ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவந்தது. அதில் உள்ள ஒரு நிபந்தனையை நான் பெற்றோரிடம் தவறாமல் சொல்கிறேன்: சிக்கலுக்கு நேரடியாக உதவி கொடுத்த பிறகும் அது குறைந்தது 6 மாதம் நீடிக்க வேண்டும். ஆக, உளவியலாளரின் அறிக்கை வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. உதவிதான் முதலில் தொடங்க வேண்டும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடுவதைப் போலப் பிள்ளைக்குக் கெடுதல் வேறில்லை.

ஜூன் 21

பெரியவனின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். "விளையாட்டுன்னா மூளை வேலை செய்யுது, படிப்புன்னா சோம்பல்" என்றார் அப்பா. மார்க் ஏறும் வரை பந்து விளையாட அனுப்பப் போவதில்லையாம். அவரிடம் ஒரு பழைய சங்கதியைச் சொன்னேன். 1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். கெட்டிக்காரன், விளையாட்டில் யாருக்கும் சளைத்தவனில்லை, வாசிப்பு மட்டும் வரவில்லை. பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதல் ஆளாக இருப்பான் என்றார் அவனுடைய ஆசிரியர்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எனக்கும் இன்னிக்கு வரைக்கும் ஒரு லெட்டர் எழுதணும்னா கை ஓடாதுங்க மிஸ். எங்க அண்ணனும் அப்படித்தான்." இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதுதான் என்றேன். அம்மா நிற நிறக் கண்ணாடி பற்றி ஒரு விளம்பரத்தைக் காட்டினார். டிஸ்லெக்சியா மொழியின் ஒலிகளை மூளை கையாளும் விதத்தோடு சேர்ந்த விஷயம். வண்ணக் கண்ணாடியோ கண் பயிற்சியோ இதைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009-இலேயே அறிக்கை விட்டிருக்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள், பந்தை அவனிடமே விட்டுவிடுங்கள் என்றேன். நாளெல்லாம் தோற்கிற பிள்ளைக்கு ஜெயிக்கிற இடம் ஒன்றாவது வேண்டும். அதைத் தண்டனையாகப் பிடுங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ஜூலை 4

இன்று முழுவதும் 'கொ'வோடு போனது.

தமிழ் உச்சரிக்கிறபடியே எழுதும் மொழி, எனவே சுலபம் என்று பலரும் சொல்கிறார்கள். பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். 'கொடி' என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது க். ஒ அதற்குப் பிறகுதான். தாளிலோ முதலில் நிற்பது கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். ஒரே ஒரு உயிர் ஒலி, மெய்க்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. பெரியவன் அதைக் 'கெ' என்று எடுத்து, காலைப் பார்த்ததும் தடுமாறி, 'கெகா' என்று நிறுத்தி, என் முகத்தைப் பார்க்கிறான். போதாததற்கு 'கௌ' என்பதில் கடைசியில் நிற்பது ள போலவே இருக்கிறது. 'பம்பரம்' என்றால் முதல் ப ஒரு ஒலி, இரண்டாவது ப வேறு ஒலி, எழுத்து ஒன்றேதான். மற்ற பிள்ளைகள் இதையெல்லாம் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்கிறார்கள். இவனுக்கு ஒவ்வொன்றையும் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்.

அதனால் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்வதை விட்டுவிட்டோம். கொம்புக்கு ஒரு அட்டை, காலுக்கு ஒரு அட்டை, மெய்களுக்குத் தனித்தனி அட்டை. முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைப் பிரிக்கிறான்: க், ஒ, ட், இ. அப்புறம் க அட்டையை நடுவில் வைத்து, கொம்பையும் காலையும் இரு பக்கமும் கொண்டுவந்து சேர்க்கிறான். விரலால் மேசையில் எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொல்கிறான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குறி. நேற்றைய குறி நிலைத்த பிறகே அடுத்தது. மணி அடிப்பதற்குள் கொடி, கொக்கு, கொசு மூன்றையும் தானாகவே கட்டினான். 'தொடு' என்று நான் சொல்லித்தராத ஒன்றையும் கட்டினான்!

ஜூலை 25

சின்னவளுக்கு முன்னால் ஐந்து புள்ளிகள் போட்ட அட்டையை வைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஐந்து என்றாள். அதே அட்டையைத் திருப்பி வைத்தேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். மூன்று புள்ளிகளையும் எண்ணித்தான் சொல்கிறாள், பார்த்தவுடன் வருவதில்லை. எண்களோடும் கணக்கோடும் வரும் கற்றல் சிக்கலான டிஸ்கால்குலியாவின் அடையாளங்களில் இதுவும் ஒன்று. வகுப்பில் அவள் விரலை மடக்கினால் கை தட்டிவிடப்படுகிறது. விரல் இருக்கட்டும். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளும் ஒரு எண்கோடும் மேசையிலேயே இருக்கட்டும். வாய்ப்பாட்டு அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், கணக்கின் வழி அவளுக்குப் புரிகிறதா என்பதையாவது நாம் தெரிந்துகொள்ளலாம்.

ஆகஸ்ட் 22

ஆசிரியர் கூட்டம். எதிர்பார்த்த கேள்வி வந்தது: "இவனுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுத்தா மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம் இல்லையா?" அவர் நல்ல ஆசிரியர், அக்கறையோடுதான் கேட்டார். வரலாற்றுத் தேர்வில் நாம் அளக்க நினைப்பது வரலாற்றையா, எழுத்து வேகத்தையா என்று கேட்டேன். கண்ணாடி போட்டு எழுதும் பிள்ளையை யாரும் கழற்றச் சொல்வதில்லை. சற்று நேரம் விவாதம் நடந்தது. பிறகு சிலவற்றுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பகுதியைத் தாளிலேயே கொடுப்பது, மொழிப் பாடம் தவிர மற்றவற்றில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது, பக்கம் முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பாமல் அன்று கற்றுத்தந்த குறியை மட்டும் திருத்துவது. தேர்வில் வினாத்தாளை வாசித்துக்காட்ட ஒருவர் இருப்பார்.

செப்டம்பர் 18

பெரியவனின் வீட்டில் மாலை நேரச் சண்டை குறைந்திருக்கிறது என்று அம்மா சொன்னார். வீட்டுப்பாடத்துக்கு இப்போது 20 நிமிடம், நடுவில் ஓய்வு. முடியாதது முடியாததாகவே வரட்டும், நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சமூக அறிவியல் பாடத்தை அம்மா வாசிக்கிறார், அவன் கேட்கிறான், பிறகு அப்பாவிடம் அவன் சொல்ல வேண்டும். வாசிப்புப் பயிற்சி தனி, பாடம் புரிந்துகொள்வது தனி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், வாசிப்பு வரும் வரை பிள்ளைக்கு உலகமே மூடிக்கிடக்கும்.

தங்கைக்கு முன்னால் வாசிக்கச் சொல்வதை நிறுத்தச் சொன்னேன். அவள் சரளமாக வாசிக்கிறாள், அவனுக்கு அது உறுத்துகிறது.

நவம்பர் 14

வினாத்தாளை வாசித்துக்காட்டி, கூடுதல் நேரமும் கொடுத்த முதல் தேர்வு. அறிவியலில் வகுப்பின் முன்வரிசை மதிப்பெண். தமிழில் இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறான். அதற்கு வருடக்கணக்கில் உழைப்பு தேவைப்படும், அதை அவன் பெற்றோரிடம் மறைக்கவில்லை. சின்னவள் மூன்று புள்ளிகளைப் பார்த்தவுடன் சொல்கிறாள். நான்கில் இன்னும் தயக்கம்.

மார்ச் 27

அடுத்த ஆண்டு பெரியவனுக்குப் புது ஆசிரியர்கள். ஒரு வருடம் பாடுபட்டுச் சேர்த்தது வகுப்பு மாறும்போது அப்படியே கைநழுவிப் போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். எந்தக் குறிகள் நிலைத்துவிட்டன, எங்கே தடுமாறுகிறான், தேர்வில் என்னென்ன சலுகை. எழுதி முடித்ததும் அவனிடமே வாசித்துக்காட்டி, வேறு என்ன சேர்க்கலாம் என்று கேட்டேன்.

"திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம்னு எழுதுங்க மிஸ். எந்தப் பக்கம்னு முதல் நாளே சொன்னா, வீட்டுல பார்த்துட்டு வந்து நான் வாசிப்பேன்."

அதை அப்படியே அவன் வார்த்தையில் முதல் வரியாகப் போட்டேன்.