ஜூடோ பிறந்த கோயிலுக்கு 2,300 யென்

டோக்கியோவில் எவ்வளவு மழை கொட்டினாலும் டாக்ஸி ஏறாதீர்கள். கசுகாவிலிருந்து உவேனோ பக்கம் இருக்கும் எய்ஷோஜி கோயிலுக்கு வர சுரங்க ரயிலில் 180 யென், அப்புறம் கால் மணி நேர நடை. நான் அழுதது 2,300 யென்! அதுவும் வேறொரு கோயில் வாசலில். இறக்கிவிட்ட புண்ணியவான் குனிந்து வணக்கம் வேறு வைத்தார். அன்று ராத்திரி எனக்குக் கடையில் வாங்கிய இரண்டு சோற்று உருண்டைதான்.

வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது. சரி.

காலையில் போனது கோடோகான், கசுகாவில் இருக்கும் ஜூடோவின் தலைமையகம். வாசலில் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் சிலை. எட்டாவது மாடியில் உட்கார்ந்து கீழே நடக்கும் பயிற்சியைக் காசில்லாமல் பார்க்கலாம். பாய் முழுக்கப் பொத்து பொத்தென்று விழுகிறார்கள், விழும்போதே கையால் பாயை அறைகிறார்கள், உடனே எழுந்து நிற்கிறார்கள். கானோவின் மூளை இங்கேதான் வேலை செய்திருக்கிறது. ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையில் குத்து, உதை, கைகால் மூட்டுகளை முறிக்கும் பிடி எல்லாம் உண்டு. ஆபத்தானவற்றை முறைப்படி செய்துகாட்டும் 'காத்தா'வோடு நிறுத்திவிட்டு, வீசுவதையும் அமுக்கிப் பிடிப்பதையும் முழு பலத்தோடு மோதிப் பார்க்க விட்டார். மோதியவன் மறுநாளும் பயிற்சிக்கு வரலாம். இது இல்லாமல் ஜூடோ விளையாட்டாகியிருக்காது என்பது என் கட்சி.

தட்டுத்தடுமாறி எய்ஷோஜி கோயிலையும் கண்டுபிடித்தேன். 1882-இல், 21 வயதில், கானோ இங்கே 12 பாய் அளவு இடத்தில் கோடோகானைத் தொடங்கினார். பையன்கள் விழுந்த விழுகையில் தரைப்பலகை உடையுமாம். ராத்திரி விளக்கோடு தரைக்கு அடியில் ஊர்ந்துபோய் கானோவே சரிசெய்வாராம். இப்போது பார்க்க ஒரு நினைவுக்கல்தான், ஆனாலும் எட்டு மாடியைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

புடோகான் அரங்கை வெளியே நின்றே கும்பிட்டேன், உள்ளே கச்சேரி, டிக்கெட் விலை நமக்கு ஆகாது. 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக நுழைந்தபோது அதற்கென்றே கட்டியது. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவை அமுக்கிப் பிடித்து ஜெயித்தது இங்கேதான். குதித்தோடி வந்த தன் நாட்டு ரசிகர்களைக் கைநீட்டித் தடுத்தாராம் கீசிங்க். பெண்களுக்குப் பதக்கம் கிடைக்க 1992 பார்சிலோனா வரை ஆனது. அதை நினைத்தால் டாக்ஸிக் கோபம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் யோகோஹாமா. கரையில் கட்டியிருக்கும் ஹிகாவா மாரு கப்பலுக்கு நான் போனபோது டிக்கெட் வெறும் 300 யென்தான். இந்தப் பயணத்தில் உருப்படியாகச் செலவழித்த காசு. கெய்ரோவில் ஒலிம்பிக் குழுக் கூட்டத்துக்குப் போன கானோ, திரும்பும் வழியில் 1938 மே 4 அன்று இந்தக் கப்பலில்தான் இறந்தார், ஊர் வந்து சேர்வதற்குள். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர உழைத்தவர், அதுவும் பிறகு நடக்கவில்லை. முதல் வகுப்பு அறைகளின் பக்கம் வெகுநேரம் நின்றேன்.

கப்பலைவிட்டு இறங்கி வந்தால், சாலையோரம் ஒரு டாக்ஸியின் கதவு தானாகத் திறந்தது. நடந்தே ஸ்டேஷன் போனேன்.