இருபது பவுண்டு தாளுக்குச் சில்லறை இருக்கா?

இங்கிலாந்தில் குடியேறிக் கொஞ்ச நாள் ஆனால் காசைக் கையால் தொடுவதே மறந்துபோகும். பஸ், டீ, முடிவெட்டு எல்லாவற்றுக்கும் கார்டைக் காட்டினால் போதும். ஊரிலும் ஜிபே வந்த பிறகு இதே கதைதான் என்பதால் நமக்கு அது வித்தியாசமாகவும் தெரிவதில்லை. அதனால்தான் வீட்டில் சேர்ந்துபோன சாமான்களைக் கார் பூட் சேலில் விற்கலாம் என்று கிளம்புபவர்களுக்கு எதை விற்பது, எப்படி அடுக்குவது என்று ஆயிரம் யோசனை வரும், சில்லறை மட்டும் ஞாபகம் வராது. வந்தாலும் சனிக்கிழமை ராத்திரி வரும். அப்போது எந்த பேங்க் திறந்திருக்கும்?

கார் பூட் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் வரை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு புல்வெளியில் நடக்கும். காரை வரிசையில் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, முன்னால் ஒரு மடக்கு மேசை போட்டால் அதுதான் கடை. வால்பேப்பர் ஒட்டுவதற்கென்று இங்கே மெல்லிசாக ஒரு மடக்கு மேசை விற்கிறார்கள். பாதிப் பேர் அதைத்தான் கொண்டுவருவார்கள். நாங்கள் இருக்கும் ரெடிங் பக்கத்தில் விற்பவர்கள் காலை ஆறு மணிக்கே உள்ளே போய்விடுவோம். என் மகளுக்குச் சின்னதாகிப்போன துணிகள், மரப் புதிர்கள், ஸ்கூட்டர், இரண்டு முறை வீடு மாறியும் பிரிக்காத பீங்கான் செட், இப்படித்தான் என் சரக்கு.

அந்தப் புல்வெளியில் காசுதான் ராஜா. கார்டு மெஷின் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு, ஆனால் வருடத்தில் ஓரிரு காலைக்காக அதை வாங்குவது எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது. சிக்னலும் சரியாகக் கிடைக்காது. சரி, போனில் அனுப்பச் சொல்லலாமே என்றால் இங்கே நம் ஊர் மாதிரி க்யூஆர் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடாது. பேங்க் கிளையைக் குறிக்கும் ஆறு இலக்க சார்ட் கோடு, எட்டு இலக்கக் கணக்கு எண் எல்லாம் சொல்லி, அவர் அதைத் தட்டி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் நகர்ந்துவிடுவார். இரண்டு பவுண்டு பொம்மைக்கு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

இந்த விஷயத்தை எனக்கு முதலில் சொன்னது பக்கத்துத் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. பல வருடமாக விற்பவர். "தங்கச்சி, மாத்தின காசு கனக்கக் கொண்டு போங்கோ. அஞ்சு பவுண்ஸ் தாள்தான் முதல்ல முடியும்" என்றார். சில்லறை நிறைய வேண்டும் என்கிறார். அவர் சொன்னது அப்படியே நடக்கும் என்பதற்குக் கணக்கே சாட்சி.

வாங்க வருபவர்கள் வழியில் ஏடிஎம்மில் பணம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஏடிஎம் பெரும்பாலும் கக்குவது பத்தும் இருபதும்தான். ஆக முதல் ஒரு மணி நேரத்தில் உங்கள் மேசைக்கு வருவது இருபது பவுண்டு தாள். நீங்கள் 50 பவுண்டு சில்லறையோடு போயிருக்கிறீர்கள் என்று வையுங்கள்: ஐந்து பவுண்டு தாள் நான்கு, ஒரு பவுண்டு நாணயம் இருபது, 50 பென்ஸ் (அரைப் பவுண்டு) நாணயம் இருபது. இரண்டு பவுண்டு சாமானுக்கு ஒருவர் இருபதை நீட்டினால் பாக்கி பதினெட்டு. மூன்று ஐந்தும் மூன்று நாணயமும் போயாச்சு. அடுத்தவரும் அதையே செய்தால் இருந்த ஒரே ஐந்தும் பதின்மூன்று நாணயமும் போய்விடும். மிச்சம் நான்கு பவுண்டு நாணயமும் ஒரு பை 50 பென்ஸும். மணி ஆறே முக்கால், விற்றது நான்கு பவுண்டுக்கு, அதற்குள் கடையில் சில்லறைத் தட்டுப்பாடு.

அதனால் நான் 90 வைத்துக்கொள்கிறேன். பத்துத் தாள் இரண்டு, ஐந்துத் தாள் எட்டு, ஒரு பவுண்டு நாணயம் இருபது, 50 பென்ஸ் இருபது. இதில் மூன்று இருபதுகளைச் சமாளித்தாலும் மூன்று ஐந்தும் பதினொரு நாணயமும் மிஞ்சும். அதற்குள் மற்றவர்கள் கொடுக்கும் நாணயங்கள் சேர ஆரம்பித்துவிடும். 10, 20 பென்ஸ் பக்கமே போவதில்லை, ஏனென்றால் என் மேசையில் விலை எல்லாம் 50 பென்ஸின் மடங்குதான். துணி ஒன்று 50, புத்தகம் ஒரு பவுண்டு. 80 பென்ஸ் என்று விலை எழுதுபவர் அந்த இருபது பென்ஸுக்காகத் தனியாக ஒரு பை சுமக்க வேண்டும்.

நாணயம் வாங்குவது சுலபம். உங்கள் பேங்க் கவுண்டரில் கேட்டால் சின்ன பிளாஸ்டிக் பையில் தருவார்கள். ஒரு பவுண்டு நாணயப் பை 20 பவுண்டு, 50 பென்ஸ் பை 10 பவுண்டு என்று பையிலேயே அச்சடித்திருக்கும். கிளைகள் மூடிக்கொண்டே வருவதால் வார நாளில் ஒரு மதிய இடைவேளையை இதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஐந்துத் தாள்தான் கஷ்டம். போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் கார்டு போட்டுப் பணம் எடுக்கும்போது "ஐந்தாகக் கொடுங்கள்" என்று கேட்கலாம். இருந்தால் தருவார்கள். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு முன்பே கடைகளில் காசாகக் கொடுத்து, மீதியாக வரும் ஐந்துகளைச் செலவழிக்காமல் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

சில்லறை வெறும் வசதிக்காக மட்டும் இல்லை, விலையே அதில்தான் நிற்கிறது. போன கோடையில் ஒரு பாட்டி மரப் புதிர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பவுண்டுக்குத் தருவியா, லவ்?" என்றார். நான் சொல்லியிருந்தது இரண்டு. ஒன்றரை என்றேன். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்: ஒரே ஒரு பவுண்டு நாணயம். இன்னொரு கையில் பத்துத் தாள். பத்துக்குச் சில்லறை இல்லாத கடையாக இருந்தால் புதிர் அந்த இடத்திலேயே ஒரு பவுண்டு ஆகியிருக்கும். நான் ஒரு ஐந்து, மூன்று நாணயம், ஒரு 50 பென்ஸ் எடுத்து நீட்டியதும் சிரித்துக்கொண்டே பத்தைக் கொடுத்துவிட்டார். வாங்க வரும் பழைய வியாபாரிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். பேரம் முடிகிற நேரத்தில்தான் பெரிய தாளை எடுப்பார்கள். நம் ஊர் கண்டக்டர் மாதிரி டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கி எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்ல இங்கே வழியில்லை.

காசு மேசைமேல் டப்பாவில் இருக்கக் கூடாது, இடுப்பில் கட்டும் பையில் இருக்க வேண்டும். வண்டி நின்றதுமே நாலு பேர் டிக்கிக்குள் தலையை விட்டு "நகை இருக்கா? பழைய போன் இருக்கா?" என்று கேட்கும்போது டப்பாவை யார் பார்ப்பது? வாங்கிய தாளை உடனே பைக்குள் போடாமல், பாக்கியை எண்ணிக் கொடுக்கும்வரை இடது கையிலேயே வைத்திருங்கள். "நான் இருபது கொடுத்தேனே" என்ற பேச்சுக்கே இடம் இருக்காது. பாதியில் "இந்தப் பத்தை வாங்கிக்கொண்டு அந்த இருபதைக் கொடு" என்று குழப்பினால், முதல் கணக்கை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

செல்லாத காசும் வரும். வட்டமான பழைய ஒரு பவுண்டு 2017 அக்டோபரோடு போய்விட்டது. இப்போதையது பன்னிரண்டு பக்கம் உள்ளது. காகித இருபதும் ஐம்பதும் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது, இப்போது எல்லாமே பாலிமர் தாள். 2024 ஜூனிலிருந்து சார்லஸ் மன்னர் படம் போட்டவையும் வருகின்றன. ராணி படம் போட்டவையும் செல்லும், பயப்பட வேண்டாம். ஸ்காட்லாந்து பேங்குகளின் தாளைப் பார்த்துத் திகைக்கவும் வேண்டாம். அதுவும் பவுண்டுதான், ஆனால் வாங்குவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

கேட்டில் வண்டிக்கு வாங்கும் கட்டணத்தைச் சட்டைப் பையில் தனியாக வைத்துவிடுங்கள், சில்லறையிலிருந்து எடுத்தால் கணக்கு அங்கேயே கோணலாகும். நம்மில் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வீட்டுப் பழைய சாமானை விற்பது வேறு, விற்பதற்கென்றே வாங்கி விற்பது வேறு. இரண்டாவது வியாபாரம். அந்த விசாவில் சொந்தத் தொழில் செய்ய அனுமதி இல்லை.

சில்லறை டப்பாவின் மூடிக்குள் 90 என்று எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறேன். மதியம் வீட்டுக்கு வந்து எண்ணும்போது 171 இருந்தால் விற்றது 81. கேட்டுக்குக் கொடுத்த 12 போனால் 69. சீட்டு இல்லாவிட்டால் என் கணவர் 171 சம்பாதித்ததாக ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். வந்த இருபதுகளை மட்டும் பேங்கில் போட்டுவிட்டு, ஐந்துகளையும் நாணயங்களையும் 90-க்குச் சரிசெய்து டப்பாவிலேயே விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் கேக் விற்கும் நாளில் மகள் அதிலிருந்து ஒரு பவுண்டு எடுக்கலாம். எடுத்தால் சீட்டில் 89 என்று திருத்திவிட்டுத்தான் மூடியை மூட வேண்டும்.