புது பேட் போட்டும் தீராத முன் பிரேக் தொல்லை

பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் ஒரு சுற்றுகூட முழுதாக வராது. ஒர்க்ஷாப்பில் எப்போது போனாலும் ஒரே பதில்: "பேட் தேஞ்சு போச்சு, மாத்திடலாம்." மாற்றியும் கொடுத்தார்கள். ஆனால் கழற்றிய பேட்டின் ஒரு முனையில் இரும்பு தெரிகிறது, மறுமுனை பாதிகூடத் தேயவில்லை. அது ஏன் என்று ஒருவரும் கேலிப்பரை, அதாவது பேட்டை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பகுதியை, பிரித்துப் பார்க்கவில்லை. அந்த எரிச்சலில்தான் நானே இறங்கினேன்.

கழற்றுவது சுலபம். உள்ளே பேட்டைத் தள்ளும் இரண்டு பிஸ்டனை எடுப்பதுதான் பாடு. ஆயில் வரும் ஹோஸைப் பிரிக்கும் முன்பே லிவரை அமுக்கி, ஆயில் அழுத்தத்திலேயே பிஸ்டனை வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று சட்டென நகர்ந்தது, மற்றது அசையவே இல்லை. நகர்ந்ததை க்ளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு அமுக்கிய பிறகுதான் அடுத்தது வழிக்கு வந்தது. கம்ப்ரஸர் காற்றை அடித்து எடுக்க வேண்டாம். பிஸ்டன் குண்டு போலப் பாயும், விரல் போய்விடும்.

சிக்கிய பிஸ்டனில் துருக்குழி நகத்தில் தட்டுப்பட்டது. ஆயில் கசியாமல் பிஸ்டனைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையமான சீல் உரசும் இடத்தில் அப்படி இருந்தால் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் பயனில்லை, புதுசுதான். கடையில் வண்டி பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஒரு சீல் கிட்டைத் தூக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அளவே வேறு! அதே வண்டிக்கு இரண்டு அளவு பிஸ்டன் உண்டாம். அலைச்சல்தான் மிச்சம். பழைய பிஸ்டனைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே வெர்னியரில் அளந்து வாங்குங்கள்.

உண்மையான குற்றவாளி சீல் உட்காரும் பள்ளத்தில் இருந்தது. பழைய சீலை நெம்பி எடுத்தால் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கு. அலுமினியம் அரித்துச் சேர்ந்தது அது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க உள்ளே ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனோடு சேர்ந்து வளைந்த, குறுக்குவெட்டில் சதுரமான சீல் நிமிரும்போதுதான் அது மயிரிழை பின்வாங்குகிறது. பொருக்கு அடியிலிருந்து சீலை நெருக்கினால் பிஸ்டன் எங்கே திரும்பும்? பள்ளத்தைச் சுரண்டாமல் புது சீல் போட்டால் பழைய கதைதான். கூரான இரும்பு வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழும். மூங்கில் குச்சியைச் சீவிப் பொறுமையாகச் சுரண்டினேன். சுத்தமானபின் புது பிரேக் ஆயில் தடவி வைத்ததும், பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்போதுதான் மூச்சு வந்தது.

பெட்ரோலில் கழுவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பிரேக் ரப்பர் ஊதிவிடும். கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ், ஹோஸ் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர். திறந்து வெகுநாளான ஆயில் டப்பாவைத் தொடாதீர்கள். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம்.

எல்லாம் மாட்டி, ஆயில் வழியில் சிக்கிய ஏர் எடுத்தும் லிவர் கொழகொழவென்றே இருந்தது. இரவு முழுக்க அமுக்கிக் கட்டி வைத்தேன். காலையில் கல்லாகப் பிடித்தது. சக்கரமும் இப்போது தடையின்றிச் சுற்றுகிறது, பேட்டும் இரு முனையிலும் ஒரே சீராகத் தேய்கிறது.